இரண்டாவது மைக்

செப்டம்பர் 4, புதன்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். அம்மாவின் கழுத்தில் இருப்பது கெட்ட கட்டி இல்லை. ஊசி குத்தி எடுத்த பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனாலும் தைராய்டை முழுதாக எடுத்துவிட வேண்டுமாம். விட்டால் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்கும். இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன்.

டாக்டரம்மா ஒரு தாளில் கழுத்தைப் படம் வரைந்து காட்டினார். கட்டிக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. நூல் மாதிரி. “பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சில பேருக்குக் கொஞ்ச நாள் தொண்டை கம்மும், அப்புறம் சரியாகிடும். ரொம்ப அபூர்வமா, குரல் பழையபடி வராமலே போகலாம். முன்கூட்டியே சொல்லிடணும்” என்றார்.

“எனக்குச் சத்தம் போனா எங்க வீட்டுக்காரருக்கு நிம்மதிதான் டாக்டர்” என்றாள் அம்மா. டாக்டரம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, “பாப்பா என்ன படிக்கிற?” என்று கேட்டார்.

“பத்து முடிச்சிருக்கா. இப்பம் வீட்லதான் இருக்கா. கம்ப்யூட்டர் நல்லாப் பாப்பா” என்றாள் அம்மா. நான் தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் அம்மா பக்கத்து இருக்கைப் பெண்ணோடு ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணின் மருமகளைப் பற்றி எங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். அப்பா ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலையே அவற்றில் ஏறி இறங்குவதுதான். வழக்கமாகத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

நல்ல தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ராஜாக்கனி பெரியம்மாவும் டெய்சி சித்தியும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அம்மாவோடு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வருஷாவருஷம் மூன்று பேரும் சேர்ந்துதான் கோயிலில் பாடுவார்கள். பெரியம்மா முதல் குரல், அம்மா இரண்டாம் குரல், டெய்சி சித்திக்கு ஆண்பிள்ளைக் குரல், அதனால் அடியில் பாடுவாள். இந்த வருஷப் பாட்டைப் பெரியம்மாவே எழுதியிருக்கிறாள். பண்டிகை அக்டோபர் ஆறாம் தேதி. அம்மாவால் அன்று பாட முடியாது.

“ஜெயசீலி இல்லாம நாங்க ரெண்டு பேரும் போய் நின்னா, பஸ்ஸ விட்டுட்டு நிக்கவிய மாதிரில்லா இருக்கும்” என்றாள் பெரியம்மா.

“நீங்க நில்லுங்கக்கா. நான் ஆபரேசன் முடிஞ்சு படுத்துக்கிட்டே வாயசைக்கேன்” என்றாள் அம்மா.

நான் அடுப்படியிலிருந்து கையைக் காட்டி அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போதே கம்ப்யூட்டரில் எடுத்துவைத்தால் பண்டிகையன்று ஸ்பீக்கரில் போடலாமே என்று சொன்னேன். அம்மா டீத் தட்டோடு முன்னறைக்குப் போய், “ஹெப்சி எடுத்துத் தாராளாம். பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துருவாளாம்” என்று அறிவித்தாள்.

“அவளுக்கு அதெல்லாம் தெரியுமா?” என்று சித்தி கேட்டாள். எனக்குத் தெரியும் என்று அம்மாதான் சொன்னாள்.

அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் இது. கூட்டாளிகளோடு பாட்டுக் குழு வைத்திருந்தபோது வாங்கிய கறுப்புப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் நான்கு மைக் செருகலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பாடினாலும் திரையில் தனித்தனியாக நான்கு கோடுகளாக வரும். பிறகு ஒருவரைச் சத்தமாக வைக்கலாம், ஒருவரை வாயடைக்கலாம், ஒருவரை மட்டும் தனியாகக் கேட்கலாம். இதைத்தான் அம்மாவிடம் சொல்லவில்லை. பண்டிகைக்கென்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அண்ணனின் இரண்டு மைக்குகளும் வேலை செய்கின்றன. பழகிப் பார்ப்பதற்காக ஒன்றைக் குக்கருக்கு முன்னாலும் ஒன்றைக் கோழிக்கூட்டுக்கு முன்னாலும் வைத்து ஒரே நேரத்தில் எடுத்தேன். குக்கர் கோட்டை வாயடைத்துவிட்டுக் கோழியை மட்டும் கேட்டேன். கோழிக்குப் பின்னால் தூரத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. முழுதாகப் பிரிக்க முடியவில்லை. தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

அம்மா அந்தக் கோழியை ஹெட்போனில் கேட்டுவிட்டு, “முட்டையிட முன்னாடி இவ்வளவு பேசுதா” என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஒவ்வொருவராகப் பாடவைத்து எடுக்கலாம் என்று நினைத்தேன். வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் பாடியதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடுத்தவர் பாட வேண்டும். அப்போது ஒருவர் மைக்கில் இன்னொருவர் விழ மாட்டார்கள்.

பெரியம்மா முதலில் பாடினாள். நன்றாக வந்தது. அடுத்து அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டினேன். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை. பெரியம்மாவின் குரலுக்குப் பின்னாலேயே ஓடினாள், இரண்டாம் குரலை விட்டுவிட்டு முதல் குரலைப் பாடினாள், நின்றுவிட்டாள்.

“எனக்கு வரமாட்டேங்கு ஹெப்சி. யாரு மொகத்தப் பாத்துப் பாட? செவத்தப் பாத்தா?”

நான் என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன்.

“நீ மொகத்தத் தூக்கினாத்தானே பாக்க முடியும்” என்றாள்.

செப்டம்பர் 14, சனி

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது மைக்கைக் கோயிலிலிருந்து அம்மா வாங்கி வந்தாள். கழுத்தில் ஆன் ஆஃப் சுவிட்ச் உள்ள பழைய மைக். கோயிலில் அம்மா கையில் எப்போதும் இருப்பது அதுதான்.

முதல் தடவை பெரியம்மாவைப் படுக்கையறையிலும் அம்மாவை முன்னறையிலும் சித்தியை அடுப்படியிலும் நிறுத்தினேன். குரல்கள் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது என்பதற்காக. மூன்று பேரும் மூன்று வேகத்தில் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் சித்தி, “நீங்க எங்க இருக்கிய? நான் இங்க பாட்ட முடிச்சிட்டேன்” என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

பிறகு எல்லோரையும் முன்னறைக்குக் கொண்டுவந்தேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டேன். நல்ல வெக்கை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. திரையில் எதுவும் நகரவில்லை. நான் சொல்வதற்குள் அவர்கள் பாடி முடித்துவிட்டார்கள்.

“கெடச்சுதா?” என்றாள் பெரியம்மா.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“இல்லன்னு வாயத் தொறந்து சொன்னா மட்டும் கெடச்சுருமா. விடுங்க, செவ்வா கழிச்சுப் பாப்போம்” என்றாள் அம்மா. அப்போது இருமல் வந்தது. அம்மாவின் இருமல் இப்போதெல்லாம் நீளமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

அண்ணனிடம் கேட்டேன், மெசேஜில். மூன்று கோடுகளை ஒரே நேரத்தில் எழுத அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்லையாம். வைரஸ் பார்க்கிற மென்பொருளை நிறுத்து, இணையத்தைப் பிடுங்கிவிடு, பஃபர் என்ற இடத்தில் எண்ணைக் கூட்டு என்று எழுதினான். எல்லாம் செய்தேன். மூன்று மைக்கிலும் பாடல் ஒன்று ஓடும் நேரத்துக்குத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டிருந்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரேஷன் கடையில் என் ப்ளஸ் ஒன் வகுப்பு டீச்சர் நின்றார். “ஏம்மா ஹெப்சி, படிப்ப விட்டுட்டியாமே” என்றார். “அவளுக்குப் பிடிக்கல டீச்சர், வீட்லயே நெறைய படிச்சுக்கிடுதா” என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில் பெயர் படிக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் வராது. சத்தம் வராத நாளெல்லாம் ஆப்சென்ட் என்று போட்டார்கள். அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு போகவில்லை.

பாமாயில் வரவில்லை. பருப்பு மட்டும் கிடைத்தது.

செப்டம்பர் 19, வியாழன்

கிடைத்துவிட்டது.

தள்ளி நிற்கச் சொன்னால் பாட்டு கெடுகிறது என்று தெரிந்துவிட்டதால், இன்று அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். கோயிலில் நிற்பதுபோலவே தோள் உரச வட்டமாக நின்றார்கள். அம்மா நடுவில். ஆளுக்கொரு மைக். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனுடையவை, அம்மாவுக்குச் சுவிட்ச் வைத்தது, பெட்டியில் இரண்டாவது துளையில். பதிவை ஓடவிட்டு, ஒவ்வொருவராக ஒன்று இரண்டு மூன்று சொல்லவைத்துப் பார்த்தேன். மூன்று கோடுகளும் துள்ளின. அப்படியே பாடச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில்தான் நிறுத்துவார். நான் ஓடினேன். வாயில் விரலை வைத்தும் கையைக் காட்டியும் நிறுத்தினேன். அவர், “என்ன தாயி, வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனார், ஹாரன் அடிக்காமல். நல்ல மனிதர். பாட்டு முடியும்வரை நான் வாசலிலேயே காவல் நின்றேன்.

உள்ளே போனபோது பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இது நல்லாருந்துச்சுட்டி” என்றாள். மூன்று கோடுகளையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. அம்மா மட்டும், “எஞ்சத்தம் கேக்கா? கேக்குல்லா, போதும்” என்று எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 21, சனி

அப்பா வேலையிடத்திலிருந்து வந்திருக்கிறார். பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். “அம்மாவை மட்டும் தனியாக் கேக்க முடியுமா?” என்றார். முடியும் என்று சொன்னேன். “இப்பம் வேண்டாம்” என்றார்.

நானும் இன்னும் தனியாகக் கேட்கவில்லை. அடுப்படியில் அம்மா இருக்கும்போது அதை எதற்குக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மாவைச் சேர்த்தாகிவிட்டது. அப்பா கூட இருக்கிறார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் டெய்சி சித்தியோடு நான் போக வேண்டும். அம்மா போகும்போது வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். கோழியை அடை, மாவை வெளியே வைக்காதே, மைக்கைக் கோயிலில் கொடுத்துவிடு.

சாயங்காலம் மைக்கைத் துடைத்து வயரைச் சுற்றும்போது பார்த்தேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து முதல் முறையாக நடுக்கோட்டை மட்டும் வைத்துக் கேட்டேன். அம்மாவின் குரல் வந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதாட்டி? போதுமா?” பிறகு டிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. திரையில் பெரியம்மாவின் கோடும் சித்தியின் கோடும் மரவட்டை மாதிரி நெளிந்துகொண்டு போகின்றன. நடுவில் அம்மாவுடையது ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. கடைசிவரை.

வாசலில் மீன்காரரோடு நின்றிருக்கக் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். போட்டுக் காட்டியபோதெல்லாம்கூடக் கேட்கிறவர்களின் முகத்தைத்தான் பார்த்தேன்.

அண்ணனுக்கு போன் செய்தேன். மெசேஜ் இல்லை, போன். அவனுக்கு முதலில் என் குரல் என்றே தெரியவில்லை. யாரு யாரு என்றான்.

“மத்த ரெண்டு மைக்லயும் அம்மா விழுந்திருப்பாங்கல்ல” என்றான்.

“விழுந்திருக்கு. அதான் சேத்துக் கேக்கும்போது தெரியல. அதத் தனியாப் பிரிச்சு எடுக்க முடியுமா?”

“கலந்ததப் பிரிக்க முடியாதுட்டி. எதுல அம்மா நல்லாக் கேக்காங்களோ அத ஏத்திவையி.” பிறகு கேட்டான், “நாளைக்கு எத்தன மணிக்கு?”

“எட்டு.”

“நீ பயப்படாத” என்றான். அவன் குரலும் நன்றாக இல்லை.

பிறகு சித்தியின் கோட்டை மட்டும் ஹெட்போனில் கேட்டேன். சித்திக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, அம்மா இருக்கிறாள். கவனித்தால் கேட்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டதில் இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் அம்மா மூச்சு இழுத்து, மெல்ல ‘ம்’ என்கிறாள். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு பேரும் தொடங்குகிறார்கள். பெரியம்மா தொடங்கி அம்மா பின்னால் போவதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

கோழியை அடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

முதலில் எழுத வேண்டியது: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

காலையில் வார்டுக்குப் போனபோது அம்மா பச்சை அங்கி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் போனில் ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆள்கள் இருந்தார்கள். ஒரு நர்ஸ் இருந்தார். அம்மா மாவைப் பற்றிக் கேட்டாள், நான் பதில் சொன்னேன், அதற்குள் தள்ளுகட்டில் வந்துவிட்டது.

அம்மா சித்தியிடம், “அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் குடு. தானா கேக்க மாட்டா” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. டெய்சி சித்தி எனக்கு இட்லி வாங்கித் தந்து, “தின்னு. நீ பட்டினி கெடந்தா நாளைக்கு எனக்குல்லா ஏச்சு விழும். ஏசுறதுக்கு அவளுக்குச் சத்தம் இருக்கும், நீ வேணா பாரு” என்றாள்.

மதியம் டாக்டரம்மா வெளியே வந்தார். நரம்பைப் பார்த்து ஒதுக்கிவைத்துத்தான் எடுத்தோம், அறுபடவில்லை என்றார். வெளியே கொண்டுவந்ததும் அம்மாவிடம், “உங்க பேரச் சொல்லுங்க” என்றார். அம்மா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு முறை கேட்டார். “ஜெ” என்று பாதி வந்தது. தகரத்தில் ஆணியால் கீறினது போல. அது அம்மாவின் குரல் இல்லை.

“குழாய் போட்டிருந்தோம்ல, வீங்கியிருக்கும். நரம்பும் கொஞ்சம் களைச்சிருக்கலாம். பொறுத்துப் பாக்கணும்” என்றார் டாக்டரம்மா.

அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

வார்டில் இருக்கிறேன். ஆண்கள் தங்க அனுமதி இல்லாததால் அப்பா வெளியே வராந்தாவில் படுத்துக்கொள்கிறார்.

விரல் நுனியோ உதடோ மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும், கால்சியம் குறைகிறது என்று அர்த்தம் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் அம்மா என் கையைத் தட்டி, விரல்களை உதறிக் காட்டினாள். நர்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “பதினாலாம் பெட். ஜெயசீலி. விரல் மரக்குதாம். இப்பம் வாங்க.” வந்தார்கள். ஊசி போட்டார்கள். சரியாகிவிட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

அம்மா அதிகம் பேசக் கூடாது. பேனாவால் மாத்திரைக் கவரின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறாள். அம்மாவின் கையெழுத்தில் எல்லா எழுத்தும் அவசரமாக இருக்கிறது, பேச்சைப் போலவே.

மைக்கை அணைத்தது யார் என்று கேட்டேன். ‘நான்தான்’ என்று எழுதினாள். ‘இருமல் முட்டிக்கொண்டு வந்தது. என் மைக்கில் விழுந்தால் அவர்கள் பாட்டும் கெடும். கோயிலில் எப்போதும் அப்படித்தானே செய்வேன்.’

இருமல் எதிலும் விழவே இல்லை, பாட்டு முடியும்வரை நீ இருமவே இல்லை என்று சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அடக்கினேன்’ என்று எழுதினாள். பிறகு, ‘நீ ஏன் அழுகிறாய், பாட்டுதான் நன்றாக வந்துவிட்டதே’ என்று எழுதினாள்.

எதிர்க்கட்டில் அம்மாள் என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். அம்மாவால் சொல்ல முடியாததால் நானே முழுக் கதையையும் சொன்னேன். மீன்காரர் வரைக்கும். நன்றாகச் சிரித்தார்.

செப்டம்பர் 30, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன். கட்டி எவ்வளவு பெரிசு, எத்தனை தையல், என்ன சாப்பிடலாம். மருந்துக் கடையில் ஒரு மாத்திரைக்குப் பதிலாக வேறொன்றைத் தந்தார்கள். திருப்பிக் கொடுத்து வாங்கினேன்.

எனக்கும் தொண்டை வலிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. “ஓட்டாத சைக்கிள ஓட்டினா கால் வலிக்காதா?” என்றாள் டெய்சி சித்தி.

அக்டோபர் 3, வியாழன்

பாட்டை முடித்தேன். அம்மா சித்தியின் மைக்கில்தான் நன்றாக விழுந்திருக்கிறாள். ஆகவே சித்தியின் கோட்டை ஏற்றி, பெரியம்மாவைக் கொஞ்சம் இறக்கினேன். பெரியம்மா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னட்டி இது. பாட்டு எழுதினவ நானு. நான் என்னமோ பக்கத்து ஊர்ல நின்னு பாடுத மாதிரி கேக்கு.”

“உங்க சத்தம் பெருசு பெரியம்மா. எவ்வளவு கொறச்சாலும் கேக்கும். அம்மா இதுலதான் இருக்கா. ஏத்தலன்னா காணாமப் போயிருவா.”

பெரியம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். அம்மாவின் ‘ம்’ எங்கே வருகிறது என்று காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் கொறச்சுக்கோ என்ன” என்றாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பண்டிகை. வாழைத்தார், பூசணி, சேவல், எல்லாம் ஏலம் போனது. பாட்டு போட்டார்கள். பெரியம்மாவும் சித்தியும் நடுவில் ஒரு ஆள் இடத்தை விட்டு நின்றார்கள், பாடவில்லை. அம்மா என் பக்கத்தில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். “நல்லாருக்கு” என்று என் காதில் சொன்னாள். அந்தக் கீறல் குரலில்தான். சபை முழுவதும் அம்மா பாடிக்கொண்டிருந்தாள், என் காதில் வேறு யாரோ பேசியதுபோல இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

மாற்றம் இல்லை. அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். அப்பா இந்த வாரம் இரண்டு நாள் கூடுதலாக வீட்டில் இருந்தார். வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிறது.

கம்ப்யூட்டரில் அந்த நடுக்கோட்டின் தொடக்கத்தைக் கேட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதாட்டி? போதுமா?

மூடிவிட்டேன். துணி துவைத்தேன்.

அக்டோபர் 23, புதன்

மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். திரையில் எனக்கும் காட்டினார் டாக்டரம்மா. இரண்டு வெள்ளை நாடாக்கள், கதவு மாதிரி திறந்து மூடுகின்றன. “இடது பக்கம் களைச்சுப்போய்க் கெடந்தது, இப்ப அசையுது பாரு. நல்லா மூடுது. குரல் வரும். வந்துக்கிட்டு இருக்கு. இவங்கதான் பயந்து அடக்கிப் பேசுறாங்க” என்றார்.

வேறு என்ன செய்ய வேண்டும், எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். டாக்டரம்மா, “நீ பேசுவியா?” என்றார்.

அம்மா பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 25, வெள்ளி

டெய்சி சித்தியின் தையல் கடை எங்கள் தெருமுனையில். அம்மாவின் பழைய ரவிக்கைகளுக்குக் கழுத்தை ஏற்றித் தைக்க வேண்டும், தழும்பு தெரியாமல். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். சித்தி மெஷினை ஓட்டிக்கொண்டே யாரோ ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஹெப்சீ.”

சித்தி மெஷினை நிறுத்தினாள்.

“ஒங்கம்மாவாட்டி அது?”

நான் எழுந்துவிட்டேன். சித்தி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “இரி. பதில் சொல்லாத. இன்னொரு வாட்டி கூப்பிடட்டும்.”

தெருவில் ஒரு பைக் போனது. அது போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“ஏட்டி ஹெப்சி.” முதல் தடவையைவிடப் பெரிதாக. நடுவில் ஒரு இடத்தில் பிசிறு இருந்தது. மற்றதெல்லாம் அம்மா.

“இன்னொண்ணு” என்றாள் சித்தி. மேஜையில் கிடந்த வெட்டுத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏ மூதி, அடுப்புல பால வச்சிட்டு எங்கன போய்த் தொலஞ்ச? காது அடைச்சுப்போச்சா? பால் பூராவும் பொங்கி ஊத்திட்டு, இங்க வந்து பாரு.”

பாலை நான் மறந்தே போயிருந்தேன்.

கடை வாசலுக்கு வந்து, “இந்தா வந்துட்டேம்மா” என்று கத்தினேன். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அடுப்பு முழுக்கப் பால், மேடையில் பால், தரைவரை வழிந்திருந்தது. நான் துடைக்க, அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏசினாள். பாலில் தொடங்கி, போன வாரம் கருகிய குழம்புக்குப் போய், அங்கிருந்து அப்பாவுக்குத் தாவி, அண்ணன் போன் பண்ணாததுவரைக்கும் வந்தாள். ஒரு தடவை நின்று, கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கினாள்.

நான் மெதுவாகத் துடைத்தேன்.